அந்த அறையில் இன்னும் யார் இருப்பார்கள்?

தெல்தோட்டைக்கு அப்பாலுள்ள தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தந்தையார் அண்மையில் எமது பாடசாலை அலுவலகத்துக்கு வந்திருந்தார். அவருடைய மூத்த மகள் எம்மிடம் உயர்தரம் கற்றவள். பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்குத் தெரிவாகியிருந்தாள். அவர்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போகும் முதற்பிள்ளை அவள். மகளின் தொலைபேசிக்கு வந்த அறிவித்தலைக் கடையொன்றிலே தாளில் அச்சிடுவித்து, அத்தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். உட்காருங்கள் என்று மும்முறை சொன்ன பின்னரே உட்கார்ந்தார்.

பாடங்களைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை. செலவைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன், அதுவுமில்லை. நெடுநேரம் கழித்து, “ஐயா, புள்ள தங்குற ரூமுல இன்னும் யாரு இருப்பாங்க?” என்று மட்டும் கேட்டார்.

இவ்வினாவின் கனத்தை உணர்வதற்கு அவ்விடத்து நிலவமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். தெல்தோட்டையிலிருந்து கண்டிக்குப் போகும் பேருந்து, கலகாவையும் ஹிந்தகலையையும் கடந்து, பல்கலைக்கழக வளவினூடாகவே கலகாச் சந்தியை அடைகின்றது. வலப்புறமும் இடப்புறமும் ஓடு வேய்ந்த மாளிகைகள், புல்வெளிகள், மாணாக்கர் கூட்டங்கூட்டமாக நடந்து செல்வர். வைத்தியசாலைக்கும், தீபாவளிக்குத் துணி எடுக்கவும் என அத்தந்தையார் நாற்பது ஆண்டுகளாக அவ்வழியே போய்வந்திருக்கின்றார். ஒரு நாளேனும் அங்கே இறங்கியதில்லை. இறங்குவதற்கு அவருக்கு அலுவல் இருந்ததில்லை. கடல் கடந்து இலண்டனுக்கும் மெல்பேணுக்கும் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் என்ன அஞ்சுகின்றனரோ அதையே, ஒன்றரை மணிநேரப் பேருந்துப் பயணத்துக்கு அப்பால் மகளை அனுப்பும் அவரும் அஞ்சினார்.

அவருக்கு நான் உடனே மறுமொழி சொல்லவில்லை. ஏனெனில் அதே வினாவை முன்னொருகால் வேறொருவர் என்னிடம் கேட்டிருந்தார். அவர் என் தாயார். ஆண்டு 1992. இடம் வடமராட்சி.

யாழ்ப்பாணத்திலே 1974 ஆம் ஆண்டு தொட்டே பல்கலைக்கழகம் இயங்கிவந்தது. வீட்டிலிருந்து துவிச்சக்கர வண்டியிற் போய்வரக்கூடிய தூரத்திற் கல்வி இருக்க, பேராதனையை முதல் விருப்பாக எழுதிக்கொடுத்தவன் நான். காரணம் என் தமிழாசிரியர். அவர் 1960களிலே பேராதனையிற் பயின்றவர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பின் வடமோடிக் கூத்தை மாணாக்கரைக் கொண்டு மேடையேற்றிய காலம் அது. ‘கர்ணன் போர்’ 1962 இலும் ‘இராவணேசன்’ அதன் பின்னரும் அரங்கு கண்டன. என் ஆசிரியர் வகுப்பிலே சிலப்பதிகாரம் நடத்திக்கொண்டிருக்கும்போதே பேராதனைக்குப் போய்விடுவார். மகாவலியாற்றங்கரை, ஹந்தானை மலை, தமிழ்ச்சங்கத்தின் ‘இளங்கதிர்’ இதழ், பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் விரிவுரை என்று மணி அடிக்கும்வரை அங்கேயே உலாவுவார். மணி அடித்ததும் மாதவி எங்கே நின்றாள் என்பது எங்கள் ஒருவருக்கும் நினைவிராது. அவருடைய பேராதனையை நம்பியே நான் விண்ணப்பித்தேன்.

ஆனால் நான் புறப்பட்ட காலம் அவர் புறப்பட்ட காலம் அன்று. அவர் காங்கேசன்துறையிற் புகையிரதம் ஏறி மறுநாள் இறங்கியவர். யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் 1990 ஆம் ஆண்டிலே நின்றுபோயிற்று. நான் கடல்நீரேரியை முழங்காலளவு நீரில் நடந்தும் தோணியேறியும் கடந்து, வன்னியூடாக வவுனியா சேர்ந்து, அங்கே வண்டி ஏறி, பொல்காவலையில் வேறு வண்டிக்கு மாறிப் பேராதனை சேர நான்கு நாட்கள் சென்றன. புறப்படும்போது தாயார் எள்ளுருண்டையும், பனங்கட்டியும், ஒரு போத்தல் மிளகாய்த்தூளும் கட்டித் தந்தார். கட்டும்போது, “அந்த அறையிலை இன்னும் ஆர் இருப்பினம், தம்பி?” என்று கேட்டார். தமிழ்ப்பிள்ளைகள்தான் இருப்பார்கள் அம்மா என்று சொன்னேன். எனக்குத் தெரியாததைத் தெரிந்தவன்போற் சொன்னேன்.

இருந்தவர் ஒரு சிங்கள மாணவர். குருநாகலுக்கு அப்பால் வயல் சூழ்ந்த ஒரு கிராமத்தவர். கட்டில் இரண்டு, மேசை இரண்டு, அலுமாரி ஒன்று, ஜன்னல் ஒன்று. எனக்குத் தெரிந்த சிங்களம் பத்துச் சொல். அவருக்குத் தெரிந்த தமிழ் அதனினும் குறைவு. இருவர்க்கும் ஆங்கிலம் பரீட்சைத்தாளில் எழுதக்கூடிய அளவே வரும், பேச வராது. அன்றிரவு அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்து, பயணப்பையைத் தலைக்கு அணையாகக் கொண்டு, சப்பாத்தைக் கழற்றாமலே படுத்தேன். அவரும் விழித்தே கிடந்தார் என்பதைப் பிற்பாடு அவரே சொன்னார். தாம் அதுவரை ஒரு தமிழரோடும் பேசியதில்லை என்றார்.

வாழ்வதற்கு ஓர் அறையை ஒருவர்க்கு எவரும் தந்துவிட முடியும். ஆனால் அங்கே இன்னொருவர் மூச்சு விடும் ஓசையைக் கேட்டவாறு துயிலப் பழகுவது எளிதன்று. முதற்கிழமையிலேயே எமக்குள் சண்டை மூண்டது. சண்டைக்குப் பொருள் இரண்டு: ஜன்னலும் விளக்கும்.

கண்டிப் பகுதி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் உள்ளது. நுவரெலியாவோடு ஒப்பிட்டால் அது குளிரே அன்று எனலாம். ஆயினும் வடமராட்சிக் கடற்கரை மணலின் சூட்டிலே வளர்ந்தவனுக்கு மார்கழி தைமாத விடியற்காலத்து மூடுபனி எலும்பைக் கடிக்கும். என்னிடம் கம்பளி இல்லை. ஒரு பருத்திப் போர்வையே இருந்தது. நான் ஜன்னலைச் சாத்துவேன். அவர் எழுந்து திறப்பார். நான் மீண்டும் சாத்துவேன். விளக்கோ நேர்மாறு. நான் விடிய விடிய எரியவிடுவேன், அவர் அணைப்பார், நான் எழுந்து மீண்டும் போடுவேன். இவ்வாறு எத்தனை இரவுகள் கழிந்தன என்று எண்ணவில்லை.

ஒரு வேடிக்கை சொல்கின்றேன். பேசுவதற்குப் பொதுமொழி இல்லாத எமக்குச் சண்டையிடுவதற்குப் பொதுமொழி இருந்தது. நாம் ஜன்னல் என்பதை அவர்கள் ‘ஜனேலய’ என்பர். எமது மேசை அவர்களுக்கு ‘மேசய’. எமது அலுமாரி அவர்களுக்கு ‘அல்மாரிய’. மூன்றும் போர்த்துக்கேயர் இருமொழிக்கும் விட்டுச்சென்ற சொற்கள். விளக்கை இருவரும் ‘லைட்’ என்றே சொன்னோம். ஏறத்தாழ ஐந்நூறாண்டுகளுக்கு முன் வந்தவர்கள் எம் சண்டைக்கு வேண்டிய சொற்களைச் சேர்த்து வைத்துவிட்டுப் போயிருந்தனர். சமாதானத்துக்குரிய ஒரு சொல்லும் கைவசம் இருந்தது. அதைப் பின்னரே கண்டுகொண்டோம். சிங்கள இளைஞர் தோழனை ‘மச்சாங்’ என்றழைப்பர். அது எம்மிடமிருந்து போன மச்சானே.

மூன்றாம் கிழமை ஓரிரவு அவர் பொறுமை இழந்து, ஏன் இந்த விளக்கு என்று ஆங்கிலத்திற் கேட்டார். விடை சொல்ல ஆங்கிலம் போதவில்லை. கொப்பியை எடுத்துப் படம் வரைந்தேன். யாழ்ப்பாணத்தில் 1990 ஆம் ஆண்டு முதல் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. ஆகவே ஜாம் போத்தலின் அடியிற் சிறிது பஞ்சை வைத்து, பஞ்சு நனையும் அளவுக்கு மாத்திரம் எண்ணெய் வார்த்து, கம்பியிற் செருகிய சிறு திரியைக் கொளுத்துவோம். அந்த விளக்கிலேதான் நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தேன். ஒரு சொடுக்கில் எரியும் விளக்கை அணைக்க எனக்குக் கை வரவில்லை. உறங்கும்போதும் அது எரிய வேண்டும் என்ற ஆசை, அவ்வளவே.

மறுநாள் மாலை அவர் எங்கோ தேடி ஒரு வெற்று ஜாம் போத்தலைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தார். செய்து காட்டு என்று சைகை செய்தார். செய்தேன். அறை விளக்கை அணைத்துவிட்டு, அச்சிறு சுடரைப் பார்த்தவாறு இருவரும் அமர்ந்திருந்தோம். அதன் ஒளியில் என் பாடப்புத்தகத்தை விரித்து அவர் படிக்க முயன்றார். தமிழெழுத்து என்பதை மறந்துபோனார் போலும். பின்பு சுவரிலிருந்த ஆளியைச் சுட்டி, ‘பன்னிரண்டு மணி’ என்று விரலாற் காட்டினார். நள்ளிரவு வரை விளக்கு என்னுடையது. அதன்பின் இருட்டு அவருடையது. ஜன்னலைப் பற்றி மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. கண்டி நகரிலே மலிவாக ஒரு கம்பளி வாங்கிக்கொண்டேன்.

இனி, இத்தகைய அறைகள் அம்மலையடிவாரத்துக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். அதுவும் வெளிநாடு சென்று படித்த ஒரு மாணவரோடு தொடங்குவதே. பொன்னம்பலம் அருணாசலம் 1870களின் முற்பகுதியிலே இங்கிலாந்துக்குச் சென்று, கேம்பிரிட்ஜிலுள்ள கிறைஸ்ற் கல்லூரியிற் பயின்றவர். 1875 ஆம் ஆண்டிலே திறந்த போட்டிப் பரீட்சை வழியாக இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் அவரே. கேம்பிரிட்ஜிற் கல்லூரி என்பது வகுப்பறை மாத்திரம் அன்று. உண்பதும் உறங்குவதும் வாதிடுவதும் அங்கேயே. எம் நாட்டுப் பிள்ளைகள் பட்டம் பெறக் கடல் கடக்கவேண்டியதில்லை, இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906 ஆம் ஆண்டு முதல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தின் மூலம் அவர் வாதாடினார். 1921 இற் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டதைக் கண்டார்; முழுப் பல்கலைக்கழகத்தைக் காணாமலே 1924 இல் மதுரையிற் காலமானார்.

பல்கலைக்கழகம் கொழும்பிலா, மலைநாட்டிலா என்ற வழக்கு நெடுங்காலம் நடந்தது. ஈற்றிற் பேராதனை தெரிவாயிற்று. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 ஆம் ஆண்டு சட்டப்படி பிறந்தது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். அது 1952 ஆம் ஆண்டில் மகாவலிக் கரைக்குக் குடிபெயர்ந்தது. 1954 ஏப்ரில் 20 ஆம் திகதி எலிசபெத் மகாராணியின் முன்னிலையில் எடின்பரோ கோமகன் அதை முறைப்படி திறந்துவைத்தார். மாணாக்கர் ஒரே வளவில் வதிந்து கற்க வேண்டும் என்பதே ஜெனிங்ஸ் கொண்ட திட்டம். ஆகவே விரிவுரை மண்டபங்களோடு வதிவிட மண்டபங்களும் மலைச்சரிவிலே எழுந்தன. அவற்றுள் ஒன்று அருணாசலத்தின் பெயரையும், இன்னொன்று அவர் தமையனார் இராமநாதனின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. ஜயதிலக, ஹில்டா ஒபயசேகர, சங்கமித்தை, மார்ஸ், மார்க்கஸ் பெர்னாண்டோ, விஜேவர்த்தன என்று பெயர்களை அடுக்கினால் இந்நாட்டின் அரை நூற்றாண்டுச் சரித்திரமே வந்துவிடும்.

அந்தத் தொடக்க நாட்களிற் போதனாமொழி ஆங்கிலம். பருத்தித்துறைப் பிள்ளையும் காலிப் பிள்ளையும் சாப்பாட்டு மேசையில் ஆங்கிலத்திற் பேசிக்கொண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் என்பதையும் மறைக்கலாகாது. 1960களின் தொடக்கத்திலே கலைப்பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்படலாயின. அதனாலேதான் என்னைப் போன்றவரும், குருநாகல் வயற்கிராமத்தவரும், இன்று லயத்துப் பிள்ளையும் உள்ளே வர முடிந்தது. அந்த மாற்றத்தை நான் குறைகூறேன். ஆயின் அதனால் ஒன்று இழந்தோம். ஒரே கூரையின் கீழ் இரண்டு மொழிகள், இரண்டு விரிவுரை மண்டபங்கள், இரண்டு சாப்பாட்டு மேசைகள் என்றாயிற்று. அறையிலாவது ஒன்றாயிருப்போம் என்றால், அங்கும் தத்தம் மொழியினரோடு மாறிக்கொள்வதே இலகு. முதலாம் ஆண்டின் நடுவிலே எனக்கும் அவ்வாய்ப்பு வந்தது. பக்கத்து அறைத் தமிழ் மாணவர் ஒருவர், “இஞ்சை வந்திரும், கதைச்சுப் பேச ஆள் இருக்கு” என்றார். பையைக் கட்டியும்விட்டேன். என் அறைத்தோழர் ஒன்றும் சொல்லவில்லை. ஜாம் போத்தலை எடுத்து என் பையின்மேல் வைத்தார். அதை எடுத்து மீண்டும் மேசையில் வைத்தேன். போகவில்லை.

அது பெருந்தன்மையாற் செய்ததன்று. வெட்கத்தாற் செய்தது.

பெற்றோர் மிக அஞ்சும் மற்றொன்றையும் இங்கே சொல்லாது விடுவேனாயின், அது பொய் பேசியதற்கு ஒப்பாகும். அதுதான் பகிடிவதை. புதியவர்களைச் சிரேட்ட மாணவர் ‘வரவேற்பது’ என்ற பெயரில் நடப்பது. என் காலத்தில் நானும் பட்டேன். முழங்காலில் நிற்க வைத்தனர். நெஞ்சு கனக்கும் சொற்களைச் சொல்லவைத்தனர். இரண்டிரவு உறங்க விடவில்லை. இதனினும் கொடியவை வேறிடங்களில் நடந்தன. 1997 ஆம் ஆண்டிலே பேராதனையிற் பொறியியல் கற்ற தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தார். அடுத்த ஆண்டு, 1998 இன் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கிற்று. கடும் சிறைத்தண்டனைக்கும் இடமளித்தது. சட்டம் வந்ததும் தீமை அற்றுப்போயிற்று என்று சொல்ல நான் துணியேன்.

என்னைப் பற்றிய ஒரு செய்தியையும் ஒளிக்கமாட்டேன். இரண்டாம் ஆண்டிலே நான் எவரையும் வதைக்கவில்லை. ஆனால் அவ்வாறு நடந்த ஒரு மாலை அங்கே நின்றேன். மற்றவரோடு சேர்ந்து சிரித்தேன். முன்னே நின்ற பையன் மன்னாரைச் சேர்ந்தவன். அவன் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். தமிழனான நீயுமா என்று அப்பார்வை கேட்டதாகவே இன்றும் எனக்குத் தோன்றுகின்றது. அன்றிரவு அறைக்கு வந்தபோது என் தோழர் என்னோடு பேசவில்லை. அவரும் அவ்வழியே போனவராம், நின்றதில்லை. ஆகையாற் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்குச் சொல்வேன்: முதற்கிழமைகளிற் பிள்ளையின் குரலைக் கேளுங்கள். ‘நல்லாயிருக்கின்றேன்’ என்ற சொல்லைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அதைச் சொல்லும் குரல் எவ்வாறுள்ளது என்று கேளுங்கள். விடுதிப் பொறுப்பாளரின் தொலைபேசி இலக்கத்தைக் கையில் வைத்திருங்கள். சொன்னாற் பிள்ளைக்கு இன்னும் தொல்லை வரும் என்று மௌனமாயிருப்பது, துன்புறுத்துவோருக்கு நாம் கொடுக்கும் கூலி.

மற்றவை சிறியவை. ஆனால் சிறியவைதாம் முதல் மாதத்தில் அழவைக்கும். உணவு வேறு. எங்கள் புட்டும் சொதியும் நாவில் நின்று வருத்தும். தாயார் தந்த மிளகாய்த்தூளைப் பருப்பின்மேல் தூவி உண்டேன். என் தோழரும் அதை விரும்பினார். போத்தல் இரண்டு மாதத்திலே காலியாயிற்று. அதற்கு ஈடாக அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த கொண்டைப் பலகாரத்தில் எனக்குப் பங்கு கிடைத்தது. எள்ளுருண்டையை அவர் கல் என்று நினைத்தாராம். மழைக்காலத்தில் உடுப்பு மூன்று நாளாயினும் காயாது. ஹந்தானைப் பக்கம் புல்லில் நடந்தால் அட்டை ஏறும். உப்போ சவர்க்காரமோ பூசினால் விட்டுவிடும். மரங்களில் ‘ரொபரோசியா’ என்றொன்று உண்டு; இளஞ்சிவப்பாகப் பூத்துத் தரையெல்லாம் சொரியும். அது பூத்தாற் பரீட்சை வந்துவிட்டது என்று பொருள். ஆகவே அதன் அழகை அங்கு பயில்வோர் இரசிப்பதில்லை. பயின்று போனவர்களே இரசிப்பர்.

ஊர் நினைவு வருத்தும் வேளைகளிற் போவதற்கு எனக்கு ஓரிடம் இருந்தது. வளவின் மேற்புறத்தே குன்றின்மீது குறிஞ்சிக்குமரன் கோயில் உளது. மருதமும் நெய்தலும் அறிந்த பிள்ளைகள் குறிஞ்சியிலே வந்து கண்ட முருகன். வெள்ளிக்கிழமை மாலைகளில் மூச்சிரைக்க ஏறினால், மேலே தமிழ் கேட்கும். ஒரு வெள்ளிக்கிழமை என் தோழரும் உடன் வந்தார். திருநீற்றை என்ன செய்வது என்று தெரியாமற் கையில் ஏந்தியபடியே அறைவரை கொண்டுவந்தார். வெசாக் காலத்திலே அவருக்குத் துணையாக மூங்கிற் சிம்பு பிளந்து கூடு கட்டினேன். நான் ஒட்டிய பக்கம் கோணிப்போயிற்று. பலர் காண அதை விடுதியின் முன்னால் தொங்கவிட்டார்.

ஜன்னலின் காரணம் இரண்டாம் ஆண்டின் இறுதியிலேதான் எனக்குத் தெரியவந்தது. திறந்தவெளி அரங்கிலே ஒரு நாடகம் பார்த்துவிட்டு இரவிலே நடந்து வந்தோம். அப்போது அவருக்கு ஓரளவு தமிழும் எனக்கு ஓரளவு சிங்களமும் வந்துவிட்டிருந்தன. 1989 ஆம் ஆண்டு, தெற்கிலே கலவரம் உச்சமாயிருந்த காலத்தில், ஓரிரவு அவர் வீட்டுக் கதவைத் தட்டி, அவருடைய தமையனாரை அழைத்துச் சென்றனர். திரும்பி வரவில்லை. தமையனார் உறங்கிய அறையின் ஜன்னல் அன்றிரவு மழைக்காகச் சாத்தப்பட்டிருந்தது. திறந்திருந்தால் வயலுக்குள் குதித்து ஓடியிருப்பான் என்று அவர் தாயார் நெடுநாள் புலம்பினாராம். அன்றுமுதல் அவ்வீட்டில் எவரும் ஜன்னலைச் சாத்தி உறங்கியதில்லை.

இதை அவர் ஓரிரு வசனங்களிலே சொன்னார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. வடக்கிலே நடந்தவற்றை மட்டுமே துயரம் என்று எண்ணியிருந்தவன் நான். தெற்கிலே நடந்ததைப் பத்திரிகைத் தலைப்பாகவே அறிந்திருந்தேன். அறைக்கு வந்ததும் ஜன்னலை முழுதாகத் திறந்துவிட்டுப் படுத்தேன். அவர் எழுந்து என்மேற் கம்பளியை இழுத்துவிட்டார்.

அவர் இன்று தம் ஊருக்கருகே ஆசிரியராயிருக்கின்றார். புத்தாண்டுக்குத் தொலைபேசியில் பேசுவோம். அவர் தமிழிலும் நான் சிங்களத்திலும் பேசுவதால் இருவருடைய வீட்டிலும் சிரிப்பார்கள்.

இன்றைய நிலை வேறு. மாணாக்கர் தொகை பெருகிவிட்டது. எல்லா ஆண்டினர்க்கும் விடுதியில் இடம் கிடைப்பதில்லை. பலர் ஹிந்தகலையிலும் மகாகந்தையிலும் பெனிதெனியவிலும் வாடகை அறை தேடுகின்றனர். ஒருவர்க்கெனக் கட்டிய அறையிற் பலர் உறங்க வேண்டிய நிலையும் உண்டு. வாடகை அறையை எவரும் தம் ஊரவரோடும் மொழியினரோடுமே எடுப்பர், அது இயல்பு. எனவே முதலாம் ஆண்டில் அந்நியரோடு வாழக் கிடைக்கும் அவ்வொரு வாய்ப்பையும் ‘பிள்ளைக்குத் துணை வேண்டும்’ என்று சொல்லிப் பெற்றோரே மாற்றுவிக்கும்போது எனக்கு வருத்தமுண்டாகின்றது. பிள்ளைக்கு உண்மையான துன்பம் நேருமாயின் மாற்றத்தான் வேண்டும், அதில் ஐயமில்லை. ஜன்னலுக்கும் விளக்குக்குமாக மாற்ற வேண்டாம்.

இவ்வளவையும் அத்தந்தையாரிடம் நான் சொல்லவில்லை. பாதியளவு சொன்னேன். “ஐயா, யார் இருப்பார்கள் என்று எனக்கும் தெரியாது, என் தாயாருக்கும் தெரிந்திருக்கவில்லை” என்றேன். ஒரு நல்ல கம்பளி, குடை, பூட்டு, மகாபொலப் பணம் கைக்கு வரும்வரை செலவுக்குச் சிறிது பணம் ஆகியவற்றை எழுதிக் கொடுத்தேன். நிச்சயித்த நாளிலே கண்டிப் பேருந்திலே மகளோடு ஏறி, வாழ்நாளில் முதன்முறையாக நடுவழியில் மணியடித்து இறங்கினார். பயணப்பெட்டியை அவரே தோளில் சுமந்து விடுதி வாசல்வரை சென்றார். அப்பால் ஆடவர் போகக்கூடாது என்று காவலாளி சொன்னாராம். மகள் உள்ளே போய் மறைந்த பின்பும் ஒரு மணிநேரம் அங்கே நின்றாராம்.

சென்ற கிழமை தொலைபேசியில் அழைத்தார். அறையிலே மாத்தறைப் பிள்ளையொன்றும் அக்கரைப்பற்றுப் பிள்ளையொன்றும் இருக்கின்றனவாம். சண்டை ஏதுமுண்டா என்று கேட்டேன். “இருக்குங்க ஐயா,” என்றார். குளிக்கும் வாளி ஒன்றே இருக்கின்றதாம்; விடியற்காலையில் அதற்காக மாத்தறைப் பிள்ளைக்கும் மகளுக்கும் ஒவ்வொரு நாளும் வாக்குவாதமாம். தண்ணீர் நிற்பதற்கு முன் குளித்துவிட வேண்டும் அல்லவா? அடுத்த ஞாயிறு ஒரு வாளி வாங்கிக்கொண்டு போகப் போவதாகச் சொன்னார். சிறிதுநேரம் பேசாதிருந்துவிட்டு, “அந்த மாத்தறைப் புள்ளைக்கும் சேத்து ரெண்டா வாங்கிறவா ஐயா?” என்று கேட்டார்.

வாங்குங்கள் என்றேன்.